எஞ்சுயிர்கள் : புரோட்டிஸ்டா என்னும் தொகுதியின் அணுவியல்பும் பாகுபாடும்

தொல்காப்பிய மரபியலை முதுகலை வகுப்பில் பயிற்றும் ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் மாணவரிடமிருந்து ஒரு வினா எழும். உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக ஆறு வகுப்பாகக் கண்ட ஆசிரியர், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களை எவ்வகுப்பில் வைத்தார் என்பதே அவ்வினா. வைக்கவில்லை என்பதே நேர்மையான விடை. நுண்ணோக்கி தோன்றாத காலத்தில் நுண்ணுயிரைப் பகுத்திலர் என்பது அவர்க்குக் குறையும் ஆகாது. ஆயினும் நம்முள் சிலர், ஓரறிவுயிர் என்றது நுண்ணுயிரையே என நிறுவ முற்படுவர். ஓரறிவுக்கு ஆசிரியர் காட்டியவை புல்லும் மரமும் என்பதை அவர்கள் மறந்தனர் போலும். இம்முயற்சி தொல்காப்பியர்க்குப் பெருமை சேர்ப்பதன்று. உயிரியலுக்குப் பயன் தருவதுமன்று. வினாவைத் திருப்பிக் கேட்பதே பயனுடையது. நுண்ணுயிரைக் கண்ணாற் கண்ட இற்றை அறிவியல் அவற்றை எவ்வாறு பகுத்தது? அப்பகுப்பு நிலைத்ததா? நிலைக்கவில்லையெனின் ஏன்? இவ்வினாக்களை ஆராயப் புகுவோர்க்கு, இலக்கணம் கற்றார் நன்கறிந்த சிக்கல்கள் சில ஆங்கே எதிர்ப்படும். அவற்றைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். யான் காஞ்சிபுரத்தில் வாழ்பவன். ஆதலின் எடுத்துக்காட்டும் அந்நகரின் தொழிலோடு தொடர்புடையதாகவே அமைகின்றது. காஞ்சியின் தறிகளில் பாவும் ஊடையுமாக ஓடும் பட்டு காஞ்சியில் விளைவதன்று. மல்பெரி இலையுண்ணும் பட்டுப்புழு பெரிதும் கருநாடக மாநிலத்திலும், தமிழகத்தில் ஓசூர், தருமபுரிப் பக்கங்களிலும் வளர்க்கப்படுகின்றது. ஒரு கூட்டினின்று எடுக்கப்படும் இழை ஆயிரம் மீட்டரையும் எட்டும் நீளமுடையது. புழு நோயுற்றதாயின் கூடு மெலியும். இழை இடையிடையே அறும். புழு கூடு கட்டாமலே மடிதலும் உண்டு. பட்டுப்புழுவைத் தாக்கும் நோய்களுள் வளர்ப்போர் பெரிதும் அஞ்சுவது 'பெப்ரின்' என்பது. தென் பிரான்சு நாட்டு வழக்கில் மிளகைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த பெயர் அது. நோயுற்ற புழுவின் உடலில் மிளகுப்பொடி தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றுதலின் காத்ரஃபாழ் என்னும் அறிஞர் அப்பெயரிட்டார். நாம் மிளகுநோய் என்று கூறினும் பொருந்தும்.

இந்நோயை விளைவிப்பது நோசிமா பாம்பிசிஸ் என்னும் உயிர். முட்டை வடிவினதாகிய அதன் வித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அவற்றுள் மூன்று அல்லது நான்கு கூறு அளவே நீளமுடையது. இச்சிற்றுயிரை அறிவியலார் எந்தெந்த வகுப்பில் வைத்தனர், ஏன் மாற்றினர் என்பதே நம் எடுத்துக்காட்டு. அதற்கு முன், புரோட்டிஸ்டா என்னும் தொகுதியின் பொது இயல்பு அறிதல் வேண்டும்.

உயிரின் அடிப்படை அலகைத் தமிழகத்தார் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவர். ஈழத்தார் கலம் என்பர். உயிரணு இருவகைப்படும். ஒருவகையில் மரபுப்பொருள் சவ்வினாற் சூழப்படாது அணுவினுள் வறிதே கிடக்கும், பாக்டீரியங்கள் இவ்வகையின. மற்றொரு வகையில் மரபுப்பொருள் இரட்டைச் சவ்வுடைய உட்கருவினுள் அடங்கியிருக்கும். ஆற்றல் தரும் இழைமணிகளும் பிற உறுப்புகளும் அணுவினுள் தனித்தனியே அமைந்திருக்கும். இவ்விருவகையையும் 1925-ஆம் ஆண்டில் ஷாத்தோன் பெயரிட்டுப் பிரித்தார். 1962-இல் ஸ்டானியரும் வான் நீலும் அப்பிரிவினை நிலைநாட்டினர். உட்கருவுடைய உயிர்களுள் விலங்கு, தாவரம், பூஞ்சை என்னும் மூன்றையும் நீக்கி எஞ்சியவையெல்லாம் புரோட்டிஸ்டா எனப்படும்.

இவ்விலக்கணத்தை ஊன்றி நோக்குக. இஃது உடன்பாட்டால் அமைந்த இலக்கணமன்று, எதிர்மறையால் அமைந்தது. இன்ன இயல்புடையது புரோட்டிஸ்டு எனக் கூறாது, இன்னின்னவை அல்லாதது புரோட்டிஸ்டு என்று கூறுகின்றது. தமிழ் கற்றார்க்கு இது புதிதன்று. அஃறிணை என்னும் சொல்லே அல்+திணை எனப் பிரிந்து, உயர்திணை அல்லாதது எனப் பொருள்படும். யானையும் எறும்பும் ஆலமரமும் கருங்கல்லும் ஒரு திணையின என்றால், அவை தம்முள் ஒத்தவை என்பது கருத்தன்று. மக்கள் என்று சுட்டப்படாமையால் ஒத்தன என்பதே கருத்து. சொல்முடிபு கூறும் இலக்கணத்திற்கு அப்பகுப்பு முற்றும் போதும். ஆனால் அதனை உயிர்நூற் பகுப்பாகக் கொண்டு, யானைக்கு மனிதனைவிடக் கல்லே நெருங்கிய உறவு என ஒருவர் வாதிப்பின் நகைப்பிற்கு இடமாகும். புரோட்டிஸ்டா என்னும் தொகுதியில் நூறாண்டுக்கு மேலாக நிகழ்ந்த பிழை ஏறத்தாழ இத்தகையதே.

இத்தொகுதியின் உயிர்களுள் பெரும்பாலன ஓர் உயிரணுவே முழு உடலாக உடையவை. இதனாலன்றோ சிலர் இவற்றை எளிய உயிர்கள் என்றனர். எண்ணிக்கையால் எளிமை என்பது உண்மை. அமைப்பால் எளிமை என்பது பொருந்தாது. நம் உடலின் உயிரணுக்கள் தொழிலைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றன: தசையணு சுருங்கும், நரம்பணு செய்தி கடத்தும், குடலணு உணவை ஏற்கும். பாரமீசியத்திற்கோ அப்பகிர்வு இல்லை. உண்ணல், செரித்தல், கழித்தல், நகர்தல், தீங்குணர்ந்து விலகல், இனம்பெருக்கல் ஆகிய அனைத்தையும் ஒரே அணு ஆற்ற வேண்டும். ஆதலின் அவ்வணு விலங்கின் எந்த ஓர் அணுவையும்விடச் சிக்கலான அமைப்புடையது.

தேங்கிய குளத்துநீரில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். காஞ்சிபுரம் குளங்கள் மலிந்த ஊர். வரதராசர் கோயிலின் அனந்தசரசும், சர்வதீர்த்தமும் நாடறிந்தவை. பொதுவாக இத்தகைய நன்னீர்நிலைகளில் வாழ்வனவற்றுள் அமீபாவிற்கு நிலையான வடிவம் இல்லை. உடற்கூழைப் போலிக்காலாக நீட்டி நகரும். அப்போலிக்கால்களாலேயே இரையைச் சூழ்ந்து விழுங்கும். பாரமீசியத்தின் உடல் முழுவதும் குறுஇழைகள் வரிசை வரிசையாய் அமைந்துள்ளன. அவை காற்றில் அலையும் நெற்பயிர்போல ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்து உடலை நீரில் செலுத்தும். அதன் உட்கரு இரண்டு. பெரியது அன்றாட வாழ்க்கையை நடத்துவது. சிறியது மரபினைக் காப்பது. இரு பாரமீசியங்கள் இணையுங்கால் சிற்றுட்கருக்களின் கூறுகளே ஒன்றினின்று ஒன்றற்கு மாறுகின்றன. பழைய பேருட்கரு சிதைந்து மறைய, புதியது உருவாகின்றது. யூக்ளினா கசையிழையால் நீந்துவது; பசுங்கணிகம் பெற்றமையால் ஒளியில் தானே உணவு சமைக்கும்; இருளில் விட்டால் கரைந்த உணவை உறிஞ்சி வாழும். தாவரமோ விலங்கோ என்னும் வினா இவ்வுயிரின்பால் பொருளற்றுப் போவது காண்க.

நன்னீரில் வாழும் இவற்றுக்கு ஓர் இடர் உண்டு. உடற்கூழின் செறிவு சுற்றுநீரின் செறிவினும் மிகுதியாதலின் நீர் ஓயாது உட்புகும். வெளியேற்றாவிடின் அணு வெடித்தழியும். ஆதலின் சுருங்கும் நுண்குமிழி என்னும் உறுப்பு நீரைத் திரட்டித் திரட்டி வெளியே தள்ளுகின்றது. ஓட்டைப் படகில் இருந்து நீரை இறைப்பவன் தொழில் போன்றது அது. கடல்வாழ் புரோட்டிஸ்டுகள் பலவற்றிற்கும் உடலினுள் வாழும் ஒட்டுண்ணிகட்கும் இவ்வுறுப்பு இல்லாமை, இக்கருத்தை வலியுறுத்தும். குளம் வற்றுங்கால் பல வகைகள் தடித்த கூடொன்றைத் தம்மைச் சுற்றி அமைத்து ஒடுங்கிக் கிடந்து, மழை பெய்தபின் உயிர்த்தெழுகின்றன.

ஓரணுவுடைமையும் நுண்மையும் இத்தொகுதிக்கு இன்றியமையாதன என்று கொள்ளலும் ஆகாது. மன்னார் வளைகுடாவில், மண்டபம் கடற்கரையில் ஒதுங்கும் சார்காசம் என்னும் பழுப்புப் பாசி கையால் அள்ளத்தக்க பேருடல் உடையது. கிளையும் இலைபோன்ற உறுப்பும் மிதப்புக் குமிழ்களும் பெற்றது. குளிர்கடல்களில் இதன் இனத்தன பல பனைமரத்தினும் நீண்டு வளர்வன. ஆயினும் இவை புரோட்டிஸ்டுகளே. இவற்றின் நெருங்கிய உறவினர் புல்லும் மரமும் அல்லர்; மணற்சத்தால் ஓடு சமைத்துக்கொள்ளும் டையாட்டம் என்னும் ஓரணு உயிர்கள்.

இனிப் பாகுபாட்டின் வரலாற்றை நோக்குவாம். 1674-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு லேவன்ஹுக் தாமே செய்த கண்ணாடிவில்லையால் ஏரிநீரில் இவ்வுயிர்களைக் கண்டார். துணி வாணிகராகிய அவர் நூலின் தரம் ஆய்தற்கு வில்லைகளைப் பயன்படுத்திப் பழகியவர் என்பர். நெசவூரில் வாழ்வோர்க்கு இச்செய்தி சுவை பயக்கும். அவருக்குப் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இவ்வுயிர்களுள் நகர்வனவற்றை விலங்கென்றும் பசியனவற்றைத் தாவரமென்றும் அறிஞர் பங்கிட்டனர். இருபாலும் சேராதவற்றைக் கண்டு சலித்தே 1860-இல் ஆக் என்பார் புரோட்டாக்டிஸ்டா என்றும், 1866-இல் செருமானியராகிய எர்ன்ஸ்ட் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்றும் மூன்றாம் உலகம் ஒன்றை வகுத்தனர். முதன்மையானது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தவை அப்பெயர்கள். ஹெக்கல் தம் மூன்றாம் உலகில் பாக்டீரியங்களையும், ஒருகால் கடற்பஞ்சையும்கூடச் சேர்த்தார். 1938-இல் கோப்லாந்து பாக்டீரியங்களைப் பிரித்தெடுத்தார். 1969-இல் விட்டேக்கர் பூஞ்சைகளையும் பிரித்து ஐந்துலகப் பகுப்பைத் தந்தார். நம் பள்ளிப் பாடநூல்கள் இன்றும் பயிற்றுவது பெரும்பாலும் அதனையே. லின் மார்குலிஸ் அம்மையார் பாசிகளையும் இதனுட் கொணர்ந்து எல்லையை விரித்தார்.

பாசிகளின் இடம் எவ்வளவு ஐயத்திற்குரியதாய் இருந்தது என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சியே சான்று. பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்திய மா. ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) தென்னாட்டின் நீர்நிலைகளையும் அவற்றின் ஈரச் சேற்றையும் பல்லாண்டு துருவியவர். 1932-இல் அவர் விளக்கிய பிரிட்சியெல்லா என்னும் பச்சைப்பாசி, நீர் வற்றிய ஈரமண்ணில் வளர்வது. மண்ணுள் இறங்கும் வேரிழையும் மேலெழும் இழைகளும் உடையது. ஐயங்கார் அதனைத் தாவரமாகவே கருதினார். விட்டேக்கர் கணக்கிலும் தாவரமே. மார்குலிஸ் கணக்கில் புரோட்டாக்டிஸ்டு. இன்றைய கணக்கில் நிலத்தாவரங்களோடு ஒரே பெருங்கிளையில் அமர்வது. பாசி மாறவில்லை, அதனை வைத்த பேழைகளே மாறின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகப் பாசியியலுக்குத் தமிழகம் அளித்த பங்கு தமிழில் இன்னும் தக்கவாறு எழுதப்படவில்லை என்பதையும் ஈண்டுச் சுட்டுதல் தகும்.

மீண்டும் மிளகுநோய்க்கு வருவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்நோய் பிரான்சு நாட்டுப் பட்டுத்தொழிலை ஏறக்குறைய அழித்துவிட்டது. 1853-இல் 2 கோடியே 60 லட்சம் கிலோவாக இருந்த கூட்டு விளைவு 1865-இல் 40 லட்சமாகச் சுருங்கிற்று. அரசு வேண்ட, லூயி பாஸ்டர் 1865-இல் ஆலே என்னும் ஊர்ப்புறத்திற்குச் சென்றார். அவர் அதற்குமுன் பட்டுப்புழுவைத் தொட்டும் அறியார். பூச்சிநூல் வல்லார் ஃபாபரிடம் ஒரு கூட்டை வாங்கிக் காதருகே ஆட்டி, உள்ளே ஏதோ இருக்கின்றதே என வியந்தார் என ஃபாபரே பின்னர் எழுதியுள்ளார். புழுவின் உடலிற் கண்ட நுண்மணிகள் நோயின் காரணமல்ல, விளைவே எனத் தொடக்கத்திற் பிழைபடக் கருதிய பாஸ்டர், பின்னர்த் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். அந்நுண்மணிகள் தாயினின்று முட்டை வழியே சேய்க்குச் செல்வன என்பது தெளிந்தபின் அவர் கண்ட வழி மிக எளியது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியைத் தனியே எடுத்து, நீர் வார்த்து உரலில் அரைத்து, அச்சாற்றை நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். மணிகள் தோன்றின் அத்தாயிட்ட முட்டைகளை எரித்துவிட வேண்டும். ஆராய்ச்சி முழுவதும் 1870-இல் நூலாயிற்று. இன்றும் நம் நாட்டு முட்டை வித்தகங்களில் தாய்ப்பூச்சி ஆய்வு இம்முறையை ஒட்டியே நடைபெறுகின்றது. முட்டை உண்டாக்கும் நிலையத்திற்கு வித்தகம் எனத் துறையினர் வழங்கும் பெயர், வித்து+அகம் எனப் பிரிந்தும், வித்தகம் எனத் திறமை குறித்தும் இருபொருள்பட நிற்றல் இனிமையுடைத்து. பெயரிட்டவர் எண்ணி இட்டாரோ, தற்செயலோ, அறியேன்.

நோயைத் தடுக்கும் வழி 1870-லேயே தெரிந்துவிட்டது. அந்நோயுயிர் எவ்வினத்தது என்பது தெரியவோ மேலும் ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்தது. 1857-இல் அதற்கு நோசிமா எனப் பெயரிட்ட நேகலி, பிளவுப் பூஞ்சைகள் என்னும் வகுப்பில் வைத்தார். பாக்டீரியங்களும் அக்காலத்தில் அவ்வகுப்பிலேயே இருந்தன. 1882-இல் பால்பியானி, இது பூஞ்சையன்று, வித்துண்டாக்கும் ஓரணு விலங்கு எனக் கண்டு நுண்வித்துயிர்கள் எனத் தனியினம் வகுத்தார். இதன் அணுவியல்பு உண்மையில் விந்தையானது. வித்தினுள் நீண்டதொரு நுண்குழல் சுருள்வில்போலச் சுற்றப்பட்டுள்ளது. மல்பெரி இலையோடு புழுவின் குடலைச் சேர்ந்ததும் அக்குழல் வெளியே பாய்ந்து குடலணுவைத் துளைக்கும். வித்தின் உட்பொருள் குழல் வழியே உள்ளே செலுத்தப்படும். இத்தகைய கருவியுடைய உயிர்க்கு இழைமணி மட்டும் காணப்படவில்லை. இழைமணி இல்லையெனின், இழைமணி தோன்றுமுன்னரே பிரிந்த மிகப் பழைய உயிராதல் வேண்டும் என 1983-இல் காவலியர்-ஸ்மித் கருதி, ஆதியுயிர்கள் எனப் பொருள்படும் தொகுதியொன்றில் இதனை வைத்தார். 1987-இல் செய்த மரபுப்பொருள் ஆய்வும் அதற்கு அரணாயிற்று.

அவ்வரண் பத்தாண்டும் நிற்கவில்லை. 1996-இல் டியூபுலின் என்னும் புரதத்தின் மரபுக்கூற்றை ஒப்பிட்டவர்கள், நுண்வித்துயிர்கள் பூஞ்சைகளின் நெருங்கிய உறவினர் எனக் கண்டனர். முன்னைய ஆய்வு பிழைத்ததேன்? ஒட்டுண்ணிகளின் மரபுப்பொருள் மிக விரைந்து மாறுவது. விரைந்து மாறியதை நெடுங்காலத்துக்கு முன் பிரிந்ததாகக் கணக்கு பிறழக் காட்டிற்று. 2002-இல் இவ்வினத்துள் ஒன்றன் அணுவில் இழைமணியின் தேய்ந்த எச்சமும் கண்டறியப்பட்டது. ஆகவே இழைமணி இல்லாதிருந்ததன்று, இருந்து தேய்ந்தது. இல்லாமை வேறு, இழந்தமை வேறு. சொல்லியலில் இவ்வேறுபாட்டை நாம் நன்கறிவோம். ஒரு சொல்லில் விகுதி காணப்படவில்லை எனின், அது விகுதி பெறாத சொல்லா, விகுதி குன்றிய சொல்லா என ஆராயாது முடிவு கட்டுவார் இலர். உயிர்நூலார் நுண்வித்துயிரின்பால் அவ்வாராய்ச்சி முடியுமுன்னரே முடிவு கூறிவிட்டனர்.

இவ்வாறு பூஞ்சையென்று தொடங்கிப் புரோட்டிஸ்டாக மாறி, ஆதியுயிராக உயர்ந்து, மீண்டும் பூஞ்சையின் அயலில் வந்தடைந்தது காஞ்சிப் பட்டின் பகை. நேகலி சொன்னதே சரியாயிற்று எனல் கூடாது. அவர் கொண்ட காரணம் வேறு, இன்றைய காரணம் வேறு. முடிவு ஒத்தல் கொண்டு முறையும் ஒத்தது எனக் கருதுதல் ஆராய்ச்சிக்கு இழுக்கு. தொல்காப்பியரின் ஓரறிவுயிரோடு நுண்ணுயிரை இணைப்பார்க்கும் இது பொருந்தும். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் தழைத்த சமண சமயம் நீரிலும் நிலத்திலும் காற்றிலும் தொடுபுலன் மட்டுமுடைய எண்ணற்ற நுண்ணுயிர்களைக் கூறுகின்றது. கொல்லாமை என்னும் அறத்தினின்று பிறந்த ஆழ்ந்த கொள்கை அது. அதனை அவ்வறத்தின் வழியே போற்றுதல் தகும். நுண்ணோக்கிக்கு முன்னோடி எனல் தகாது.

இதற்கு மறுதலையாக நடந்த உயிரும் ஒன்றுண்டு. மூக்கினுள் செந்நிறத் தசைவளர்ச்சியை உண்டாக்கும் ரைனோஸ்போரிடியம் என்பது உலகிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதி; தமிழகத்தில் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் குளத்துநீரில் மூழ்கிக் குளிப்பார்க்கு வருவதாக மருத்துவர் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். 1900-இல் அர்செந்தீனாவில் இதனை விளக்கிய செபர் ஓரணு விலங்கு என்றார். 1923-இல் ஆஷ்வர்த் பூஞ்சை என்றார். 1999-இல் வெளிவந்த மரபுப்பொருள் ஆய்வு, பூஞ்சையன்று, விலங்கும் பூஞ்சையும் பிரிந்த கவட்டினருகே கிளைத்த புரோட்டிஸ்டு என்றது. நோசிமா புரோட்டிஸ்டாவை விட்டுப் பூஞ்சையின் பக்கம் சென்றது. இதுவோ பூஞ்சையை விட்டுப் புரோட்டிஸ்டாவுக்கு வந்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் இந்நோயில் பெரிதும் பயன்படாமையின் காரணமும் இவ்வினவேறுபாட்டால் ஓரளவு விளங்குகின்றது. வகைப்பாடு ஏட்டளவில் நிற்பதன்று.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1903-இல் சார்லசு டோனவன் கண்டறிந்த உயிரும் இதனையே காட்டும். காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் உற்ற நோயாளரின் மண்ணீரலில் அவர் நுண்ணிய நீள்வட்ட அணுக்களைக் கண்டார். ஒவ்வொன்றினுள்ளும் பெரிதும் சிறிதுமாக இரு கருநிறக் கூறுகள் இருந்தன. அதே ஆண்டில் சற்று முன்னர் லீஷ்மன் என்பார் டம்டமில் நோயுற்று இறந்த போர்வீரர் ஒருவரிடம் இதனைக் கண்டு எழுதியிருந்தார். பாரிசில் லாவரானும் மெனிலும் இதனைக் கால்நடையின் குருதியில் வாழும் பைரோப்ளாஸ்மா இனத்தது எனக் கொண்டனர்; ரொனால்டு ராஸ் அதனை மறுத்து லீஷ்மேனியா டோனவனி எனப் புதுப்பெயர் சூட்டினார். ராஸ் கொண்டதே நிலைத்தது. டோனவன் கண்ட சிறிய கூறு, இழைமணியினுள் திரண்ட மரபுப்பொருள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அக்கூறுடைய உயிர்களின் அண்டை உறவினர் எது எனின், கோயிற்குளத்தைப் பசுமையாக்கும் யூக்ளினா. ஒளியுண்டு வாழும் பசிய உயிரும், மனிதனின் மண்ணீரலில் ஒளிந்து வாழும் ஒட்டுண்ணியும் ஒரு குடியின.

இன்றைய பகுப்பு இத்தகைய வியப்புகளாலேயே நிறைந்துள்ளது. 2005, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் உலக அறிஞர் பலர் கூடி வெளியிட்ட பட்டியல்களில் புரோட்டிஸ்டா என்னும் உலகம் இல்லை. அதன் உறுப்பினர் பெருங்கிளைகள் பலவற்றில் பிரிந்து நிற்கின்றனர். அமீபாவும் அதன் சுற்றமும் ஒரு கிளை. பச்சைப்பாசியும் செம்பாசியும் நிலத்தாவரங்களோடு ஒரு கிளை. விலங்கு, பூஞ்சை இரண்டும் தம்மைச் சூழ்ந்த ஓரணு உறவினரோடு மற்றொரு கிளை. காளானுக்கு வாழையினும் மனிதன் நெருங்கிய உறவு என்பது இதனாற் பெறப்படும். யூக்ளினாவும் லீஷ்மேனியாவும் சேர்ந்த குடியை மேலே கண்டோம். எஞ்சியவற்றுள் மிகப் பெரியது பழுப்புப்பாசி, டையாட்டம், பாரமீசியம், மலேரியா உயிர் முதலியவற்றை அடக்கியது. அதனுள்ளும் பாரமீசியமும், மலேரியா உயிரும், 2019 ஆகசுடில் சென்னைக் கடற்கரை அலைகளை நீல ஒளியால் மிளிரச் செய்த நாக்டிலூக்காவும் அணுச்சவ்வின் கீழே தட்டையான நுண்பைகளின் வரிசையை அடையாளமாகக் கொண்ட ஒரே உட்பிரிவின. இவற்றுள் மலேரியா உயிரின் அணுவினுள் நிறமிழந்த கணிகம் ஒன்று ஒடுங்கிக் கிடக்கின்றது. அதன் முன்னோர் பாசியொன்றை விழுங்கி ஒருகாலத்தில் ஒளியால் உணவு சமைத்தவர் என்பதற்கு அதுவே சான்று. இக்கிளைகளின் வேர்ப்பகுதி எவ்வாறு இணைகின்றது என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

உலகமே இல்லையாயினும் பெயர் வழக்கொழியவில்லை; ஆய்விதழ்களும் பாடநூல்களும் அதனைக் கையாண்டே வருகின்றன. ஆதலின் தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது என்பது நம் துறைக்குரிய வினாவாகின்றது. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தொடங்கிய பரிபாஷைச் சங்கம் முதலாக, 1954 தொடங்கித் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் ஈறாகக் கலைச்சொல் ஆக்கத்தில் தமிழர் உழைத்த உழைப்பு பெரிது. ஆயினும் இத்தொகுதிக்கு வழங்கும் ஆக்கங்கள் யாவும் ஏதேனும் ஒரு கொள்கையைப் பெயரிலேயே பூட்டிவிடுகின்றன. முதலுயிர் என்பார், ஹெக்கலின் காலக்கணக்கை ஏற்கின்றனர். நோசிமாவை ஆதியுயிராக்கிய பிழையும் அவ்வெண்ணத்தின் வழியதே. ஓரணுவுயிர் என்பார்க்குச் சார்காசம் மறுப்பாகும். அணு என்பது இயற்பியலுக்கும் உரித்தாகலின் மயக்கமும் உண்டு. அதிநுண்ணுயிர் என்பார், பாக்டீரியம் இவற்றினும் பன்மடங்கு நுண்ணியது என்பதை எண்ணிலர். புரோட்டிஸ்டு எனப் பிறமொழிச் சொல்லை அவ்வாறே எழுதுதல் தீங்கற்றது. ஆனால் அதுவும் முதன்மை என்னும் அப்பழைய பொருளையே கிரேக்கத்தில் மறைத்து வைத்துள்ளது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பதாம் இயல் எச்சவியல். முன்னை எட்டியல்களில் அடங்காது எஞ்சியவற்றைத் தொகுத்துக் கூறுவது அது. செய்யுட்குரிய நால்வகைச் சொல், விகாரம், பொருள்கோள், தொகை, எச்சம் எனத் தம்முள் ஓரினப்படாத பொருள்கள் ஆங்கே ஒருங்கு நிற்கின்றன. அவை ஓரியலில் நிற்றலால் ஓரினம் என எந்த உரையாசிரியரும் கூறிற்றிலர். எஞ்சினமையே அவற்றை இணைத்தது என அவர்கள் தெளிவுற உணர்ந்திருந்தனர். மரபியலிலும் ஒவ்வோர் அறிவின் உயிர்க்கும் எடுத்துக்காட்டுத் தந்தபின், அக்கிளையிற் பிறந்தன பிறவும் உள என ஆசிரியர் இடம் விட்டே செல்கின்றார்.

இந்நெறியைத் தழுவிப் புரோட்டிஸ்டாவை எஞ்சுயிர் எனலாம் என்பது என் கருத்து. விலங்கு, தாவரம், பூஞ்சை மூன்றும் போக எஞ்சிய உட்கருவுயிர் என்பதே இத்தொகுதியின் மெய்யான இலக்கணமாதலின், பெயரும் இலக்கணமும் ஒன்றுகின்றன. எஞ்சுதல் என்பது இழிவுப்பொருள் தருமே என ஒரு தடை எழலாம். வினையெச்சம், பெயரெச்சம் என்பவற்றை இழிவென்று கருதுவார் நம்முள் இல்லை. எச்சம் என்பதற்குப் பின்வரும் மக்கள் என்னும் பொருளும் உண்டாதலின், வழிவழி வந்தவை என மயங்க இடமுண்டு என மற்றொரு தடை கூறலாம், அத்தடை வலியுடையது. அதனை நீக்கவே எச்சவுயிர் என்னாது எஞ்சுயிர் என வினைத்தொகையாகக் கொண்டேன். இதனினும் ஏற்ற சொல் கிடைப்பின் அதனையே கொள்ளலாம். அதுவரை, நுண்வித்துயிர்கள் நீங்கியதுபோல நாளை வேறொரு கூட்டம் இத்தொகுதியினின்று நீங்கினும், நீங்காது நிற்பவற்றை எஞ்சுயிர் என அழைப்பதற்குத் தடையொன்றும் இல்லை.